யேசுராஜ் சாரை மூன்று முறை பாராட்டிய கதை

மே முப்பத்தொன்றாம் தேதி எங்கள் சமூகவியல் பேராசிரியர் யேசுராஜ் ஒரே நாளில் மூன்று முறை பாராட்டப்பட்டார். அவர் பாராட்டு எதையும் கேட்டிருக்கவில்லை. ஒரு மாணவியின் வாய்மொழித் தேர்வை நடத்த ஓர் அறையும் ஒரு மணி நேரமும்தான் கேட்டிருந்தார். பல்கலைக்கழகத்தில் அறைக்கும் நேரத்துக்கும் தட்டுப்பாடு. பாராட்டு ஏராளமாக இருந்தது. இருப்பதைக் கொடுத்தார்கள்.

தென்பெண்ணைப் பல்கலைக்கழகம் ஓசூருக்கு வெளியே, நெடுஞ்சாலை கர்நாடகத்துக்குள் நுழைவதற்குக் கொஞ்சம் முன்னால் இருக்கிறது. பின்பக்கச் சுவருக்கு அந்தப்புறம் அடுத்த மாநிலம். நூலகத்தில் உட்கார்ந்து செல்போனைத் திறந்தால், அடுத்த மாநில டவர் கிடைத்துக் கர்நாடகம் குறுஞ்செய்தியில் வரவேற்கும். எழுந்து கழிப்பறைக்குப் போனால் தமிழ்நாடு வரவேற்கும். நாங்கள் இதைப் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை. இரண்டு மாநிலங்களும் வரவேற்றனவே தவிர வேலை எதுவும் கொடுக்கவில்லை.

யேசுராஜ் சார் இங்கே முப்பத்து மூன்று வருடம் வேலை பார்த்தார். காவேரிப்பட்டினத்துக்காரர். ஞாயிற்றுக்கிழமை காலைப் பூசை முடிந்ததும் மூக்கண்டப்பள்ளிக்குப் போய்விடுவார். அங்கே கம்பெனித் தொழிலாளர்கள் குடியிருக்கும் லைன் வீடுகளில் கதவைத் தட்டி, உட்காரச் சொன்னால் உட்கார்ந்து, ஒரு படிவத்தை நிரப்புவார். அதில் ஒன்பது கேள்விகள். பெயர், ஊர், வயது என்று தொடங்கி ஒன்பதாவதில் முடியும்: கடைசி வேலையை விட்டு விலகிய காரணம். இந்தக் கேள்விக்கு மட்டும் சார் ஒரு விதி வைத்திருந்தார். சொன்னதைச் சொன்னபடி எழுத வேண்டும். நம் மொழியில் திருத்தக் கூடாது. எம்.ஏ. மாணவர்களான எங்களையும் கூட்டிக்கொண்டு போவார். எங்களையும் என்றால் மூன்று பேர்: நான், ஸ்டெபின், பெனிஷா. 'குடும்பச் சூழல்' என்று எழுதிய ஸ்டெபினை, அடித்துவிட்டு மறுபடி எழுதச் சொன்னார். அந்த அம்மா சொன்னது, 'பாத்ரூமுக்குப் போனா டோக்கன் குடுக்குறான்' என்பது.

இப்படிச் சேர்ந்த படிவங்களின் ஒன்பதாம் கேள்வியை வைத்துத்தான் ஃபெபா மேடம் தன் முனைவர் பட்ட ஆய்வேட்டை எழுதியிருந்தார். மேடத்தின் அப்பா நாகர்கோவிலிலிருந்து வந்து மூக்கண்டப்பள்ளியில் ஒரு கம்பெனியில் லேத் ஓட்டியவர். மேடம் சாரிடம் ஆய்வு செய்துகொண்டே எங்களுக்குப் பாடமும் நடத்தினார். பதவி கௌரவ விரிவுரையாளர். பதினோரு மாத ஒப்பந்தம். பன்னிரண்டாவது மாதம் வந்தால் நிரந்தரம் கேட்பார்களோ என்று பல்கலைக்கழகத்துக்குப் பயம். அதனால் பதினோராவது மாதம் முடிந்ததும் விலகியதாக எழுதி வாங்கிக்கொண்டு, ஒரு மாதம் கழித்துப் புதிதாகச் சேர்ப்பார்கள். மேடம் ஏழு முறை புதிதாகச் சேர்ந்திருந்தார்.

இந்த வருடம் இரண்டு விதிகள் குறுக்கே நின்றன. முனைவர் பட்டம் இல்லாதவர்களுக்கு இனி ஒப்பந்தம் கிடையாது என்பது ஒன்று. வாய்மொழித் தேர்வின்போது ஆய்வு நெறியாளர் பணியில் இருக்க வேண்டும் என்பது மற்றொன்று. நெறியாளர் யேசுராஜ் சார். அவர் பணி ஓய்வு பெறுவது மே முப்பத்தொன்று, மாலை ஐந்து மணி. துறையில் வேறு பேராசிரியர் இல்லை. ஐந்து மணிக்குள் தேர்வு முடிந்தால் மேடத்துக்குப் பட்டமும் வேலையும் உண்டு, துறைக்கு ஒரு வாத்தியாரும் உண்டு. முடியாவிட்டால் மூன்றும் இல்லை.

வாய்மொழித் தேர்வுக்குத் தேதி கேட்டு சார் கொடுத்த கோப்பு, பதிவாளர் பாஸ்கரனின் மேசையில் அறுபத்தெட்டு நாள் கிடந்தது. அறுபத்தொன்பதாவது நாள் பதிவாளரே சாரைக் கூப்பிட்டார். நானும் ஸ்டெபினும் கோப்புகளைத் தூக்கிக்கொண்டு கூடப் போயிருந்தோம்.

"வாங்க சார், உக்காருங்க. உங்கள நாங்க பாராட்டப் போறோம்."

"எதுக்குங்க?"

"ஜூன்ல தர மதிப்பீட்டுக் குழு வருதுங்க. அவங்க வெப்சைட்ல ஒரு கட்டம் இருக்குது. 'மூத்த ஆசிரியர்களை மதித்தல்'. அஞ்சு வருஷமா நாம அதுல சைபர்தான் போட்டுனு இருக்கறோம். இந்த வருஷம் ரிட்டயர்டு ஆவறது நீங்க ஒருத்தருதான். வேற ஆளு இருந்தா உங்களத் தொந்தரவு பண்ணியிருக்க மாட்டோம்."

"சரிங்க. இந்த வைவா ஃபைலு..."

"சார், நீங்க விழா நாயகருங்க. நாயகரே ஃபைலத் தூக்கினு அலைஞ்சா நல்லாவா இருக்குது? மொதல்ல இதுல ஒரு கையெழுத்துப் போடுங்க."

ஒவ்வொரு துறை நிகழ்ச்சிக்கும் துறைத்தலைவர்தான் அனுமதி கேட்டு விண்ணப்பிக்க வேண்டும். சமூகவியல் துறைத்தலைவர் யேசுராஜ் சார். ஆகவே, 'பேராசிரியர் யேசுராஜைப் பாராட்ட அனுமதிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன், இப்படிக்கு யேசுராஜ்' என்று சார் எழுதிக் கொடுத்தார். இரண்டு நாள் கழித்து அது திரும்பி வந்தது. பாராட்டப்படுபவர் அதற்கு எந்த வகையில் தகுதியானவர் என்று விண்ணப்பதாரர் விளக்க வேண்டுமாம். சார் ஒரு மாலை முழுக்க யோசித்துவிட்டு, 'முப்பத்து மூன்று வருடம் வேலைக்கு வந்தார்' என்று எழுதினார். ஏற்றுக்கொள்ளப்பட்டது. பதிலுக்கு வைவா கோப்பிலும் கையெழுத்து விழுந்தது: மே முப்பத்தொன்று, பிற்பகல் மூன்று மணி, சமூகவியல் கருத்தரங்க அறை. விழா அன்றைக்குக் காலை பத்தரை.

"ஒரே நாள்ல வச்சிட்டாங்களே சார்," என்றார் ஃபெபா மேடம்.

"காலைல அவங்க வேலை. மத்தியானம் நம்ம வேலை," என்றார் சார். அவர் அப்படித்தான். முப்பத்து மூன்று வருடம் சமூகத்தை ஆராய்ந்தவருக்கு இந்தப் பல்கலைக்கழகமும் சமூகத்தில்தான் இருக்கிறது என்பது உறைக்கவில்லை.

பத்தரை மணி விழாவுக்குத் துணைவேந்தர் நல்லுசாமி பன்னிரண்டு பத்துக்கு வந்தார். விடுமுறை என்பதால் கூட்டத்துக்கு ஆள் இல்லை. அரியர் பயிற்சி வகுப்புக்கு வந்திருந்த மெக்கானிக்கல் மாணவர்கள் அறுபது பேரைக் கலையரங்கத்தில் உட்கார வைத்து, வருகைப் பதிவு உண்டு என்று சொல்லியிருந்தார்கள். வைவாவுக்காகத் திருநெல்வேலியிலிருந்து வந்திருந்த புறத்தேர்வாளர், பேராசிரியர் ஜெபமணி அம்மாவையும் மேடையில் ஏற்றினார்கள். படிவத்தில் 'வெளியூர்ப் பிரமுகர்' என்று ஒரு கட்டம் காலியாக இருந்தது.

பதிவாளர் பாராட்டுப் பத்திரம் வாசித்தார். யேசுராஜ் சார் முப்பத்து மூன்று ஆண்டுகளாக அயராது ரத்த தானம் செய்ததாகவும், பல்லாயிரம் மரக்கன்றுகளை நட்டதாகவும், கண் சிகிச்சை முகாம்கள் நடத்தியதாகவும் அதில் இருந்தது. சார் திடுக்கிட்டுத் தன் முழங்கையைப் பார்த்துக்கொண்டார்.

அடுத்துத் துணைவேந்தர் எழுந்தார்.

"சமூகவியல் என்றால் என்ன? இந்தக் காரில் வரும்போதுதான் முதன்முதலாக யோசித்தேன். சமூகத்துக்கு நல்லது செய்வது! நான் படித்தது உலோகவியல். நாங்கள் உலோகத்துக்கு நல்லது செய்வதில்லை, உருக்குகிறோம். ஆனால் பேராசிரியர் யேசுராஜ் அவர்கள் ஞாயிற்றுக்கிழமைகளில்கூட லைன் வீடுகளுக்குப் போய், யார் யார் வேலையை விட்டு நின்றார்கள் என்று கண்டுபிடிக்கிறாராம். எங்கள் வீட்டில் வேலை செய்த பெண் தீபாவளிக்கு முன்னால் நின்றுவிட்டாள். இவரை எனக்கு முன்பே தெரிந்திருந்தால் கண்டுபிடித்துக் கொடுத்திருப்பார். இவருடைய இடத்தை நிரப்ப யாராலும் முடியாது!"

கைதட்டல். பதிவாளர் கடைசி வாக்கியத்தை நிகழ்ச்சிக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார். சிவப்புச் சால்வை போர்த்தப்பட்டது. தர உறுதிப் பிரிவின் உதவிப் பேராசிரியர் எட்சன் தன் செல்போனில் படம் எடுத்தார். சால்வையை எப்போதும் கொண்டுவரும் அலுவலக உதவியாளர் கங்கப்பன், படம் எடுத்து முடிந்ததும் அதைச் சாரின் தோளிலிருந்து எடுத்து மடித்துக்கொண்டார்.

"ஏன் எடுக்கறீங்க?" என்றார் சார், குழப்பமாக.

"ஸ்டாக் ரிஜிஸ்டர்ல இருக்குது சார். ஒண்ணே ஒண்ணுதான் இருக்குது. போன வாரம் மந்திரிக்கும் இதுதான்," என்றார் கங்கப்பன் ஆறுதலாக.

ஒரு மணிக்கு எட்சன் சார் வேர்த்து வழிய ஓடி வந்தார். மதிப்பீட்டு இணையதளத்தில் சும்மா ஒரு படத்தை ஏற்ற முடியாது. எந்த ஊர், எந்த மாநிலம், எத்தனை மணி என்று படத்தின் அடியிலேயே பதிகிற ஜியோ டேக் படமாக இருக்க வேண்டும். கலையரங்கம் பின்பக்கச் சுவரை ஒட்டி இருக்கிறது. எட்சன் சாரின் படத்தில், சால்வையோடு நிற்கும் யேசுராஜ் சாருக்குக் கீழே இப்படி இருந்தது: அத்திப்பள்ளி, கர்நாடகா. 12.48 பி.ப.

பதிவாளர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"அப்ப நாம யாரையும் பாராட்டலியா?"

"கர்நாடகாவுல பாராட்டியிருக்கறோம் சார்."

"வெளிமாநில நிகழ்ச்சிக்கு முன்னனுமதி வாங்கணுமேய்யா! துணைவேந்தர் அனுமதி இல்லாம ஸ்டேட்ட தாண்டிப் போயிருக்கறாரு. அதும் துணைவேந்தரே!"

ஸ்டெபின் உதவி செய்ய நினைத்தான். "சார், லொகேஷன மாத்திக் காட்டறதுக்கு ஆப் இருக்குது. ரெண்டு நிமிஷம்."

பதிவாளரின் முகம் சிவந்தது. "பொய்ச் சான்று தயாரிக்கச் சொல்றியா? இந்த யுனிவர்சிட்டியில அந்தப் பழக்கம் கெடையாது, தெரிஞ்சிக்கோ." அவருக்குப் பின்னால் சுவரில், ஐந்து வருடமாக ஐந்து சுற்றுச்சூழல் தினங்களில் துணைவேந்தர் மரக்கன்று நடும் ஐந்து படங்கள் மாட்டியிருந்தன. ஐந்திலும் ஒரே வேப்பங்கன்று, அதே கறுப்புத் தொட்டியில்.

இரண்டே காலுக்கு உணவகத்தின் முன்னால் இரண்டாவது பாராட்டு விழா. சாப்பிட்ட களைப்பில் துணைவேந்தர் சுருக்கமாக முப்பது நிமிடம் பேசினார். படம் மட்டும் எடுத்தால் போதும் என்று எட்சன் சார் தயங்கித் தயங்கிச் சொல்லிப் பார்த்தார். "மனமாரப் பாராட்டாமல் எப்படிய்யா சால்வை போடுவது?" என்று துணைவேந்தர் கேட்டார். நியாயமான கேள்வி. இவருடைய இடத்தை நிரப்ப யாராலும் முடியாது என்றும் மறக்காமல் சொன்னார். பதிவாளர் மறக்காமல் எழுதினார். கங்கப்பன் சால்வையைப் போர்த்தக் கொடுத்து, வாங்கி, மடித்தார்.

படம் சொன்னது: ஆனேக்கல் தாலுகா, கர்நாடகா.

"சார், மணி மூணாவுது. வைவா," என்றார் யேசுராஜ் சார். காலையிலிருந்து அவர் சொன்ன மிக நீளமான வாக்கியம் அதுதான்.

"தாராளமா நடத்திக்குங்க சார். அதுக்குள்ள நாங்க தமிழ்நாடு எங்க இருக்குதுன்னு கண்டுபுடிச்சிடறோம்," என்றார் பதிவாளர்.

சமூகவியல் கருத்தரங்க அறை பூட்டியிருந்தது. உள்ளே துணைவேந்தர் ஓய்வெடுத்துக்கொண்டிருந்தார். விழா நாயகரின் துறை என்பதால் அந்த அறைக்குத்தான் காலையில் குளிர்சாதனம் மாட்டியிருந்தார்கள்.

"பொது வாய்மொழித் தேர்வுதானே, எந்த எடத்துல வச்சா என்ன?" என்றார் ஜெபமணி அம்மா. "அந்தப் பெரிய மண்டபம் சும்மாதான கெடக்கு? வாம்மா ஃபெபா. எனக்கு ஆறு மணிக்கு பஸ்ஸு, பாத்துக்கோ."

அப்படித்தான் மேடம் கலையரங்க மேடையில் நின்றார். பின்னால் சாரின் பெரிய படத்தோடு பாராட்டு விழா பேனர். கீழே, வருகைப் பதிவு இன்னும் எடுக்கப்படாததால் போகாமல் தூங்கிக்கொண்டிருந்த மெக்கானிக்கல் மாணவர்கள். நாற்காலிகளை அடுக்க வந்த துப்புரவுப் பெண்கள் நான்கு பேர், நடப்பது என்னவென்று தெரியாமல் கடைசி வரிசையில் உட்கார்ந்தார்கள்.

மேடம் முதலில் திக்கினார். பிறகு திக்கவில்லை. நான்காயிரத்துச் சொச்சம் பேர் சொன்ன காரணங்களை அவர் பிரித்துப் பிரித்துச் சொல்லிக்கொண்டு போனபோது, நடுவரிசையில் ஒருவன் கண் விழித்தான். பக்கத்தில் இருந்தவனை எழுப்பினான்.

ஜெபமணி அம்மா மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "எல்லாம் சரிம்மா. இம்புட்டுப் பேரு சொன்னதுல உன்னய ஒறங்கவிடாமப் பண்ணினது எது? புள்ளிவிவரம் வேண்டாம். ஒரு ஆளச் சொல்லு."

மேடம் யோசிக்கவே இல்லை. "கருப்பாயின்னு ஒருத்தங்க மேடம். வயரிங் கம்பெனியில இருந்தாங்க. ஒம்போதாவது கேள்விக்கு அவங்க சொன்னது: 'நான் எங்க வெலகனேன்? நாளையில இருந்து வராதேன்னாங்க. நானா வெலகிட்டேன்னு எழுதி, கையெழுத்து வாங்கிக்கினாங்க. அவங்க எழுதனதையே நீயும் எழுதிக்கோ.'"

"எழுதினியா?"

"இல்ல மேடம். அவங்க சொன்னது அத்தனையையும் எழுதினேன்."

கடைசி வரிசையிலிருந்து துப்புரவுப் பெண் ஒருத்தி, "எங்குளுக்கும் அதே கதைதாங்க மேடம்!" என்றாள். பக்கத்திலிருந்தவள் அவள் வாயைப் பொத்தினாள்.

ஜெபமணி அம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு அறிக்கையில் எழுத ஆரம்பித்தார். "பட்டம் வழங்கலாம்னு போட்டுட்டேன். வாழ்த்துகள், டாக்டர் ஃபெபா." மணி மூன்று ஐம்பத்தைந்து. சார் கையெழுத்துப் போட்டார்.  

விஷயம் அத்தோடு முடிந்திருக்க வேண்டும். வைவா அறிக்கையோடு ஜியோ டேக் படம் இணைக்க வேண்டும் என்று ஏப்ரலில் ஒரு சுற்றறிக்கை வந்திருந்தது. பல்கலைக்கழகத்தின் பெயரில் பதிவான ஒரே செல்போன் எட்சன் சாருடையது. அவரைத் தேடி நான் ஓடினேன்.

வளாகத்தில் ஓர் ஊர்வலம் போய்க்கொண்டிருந்தது. முன்னால் எட்சன் சார், செல்போனைக் கற்பூரத் தட்டு மாதிரி இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு. அடுத்துப் பதிவாளர். அவருக்குப் பின்னால் சால்வையோடு கங்கப்பன். பத்து அடிக்கு ஒரு தரம் நின்றார்கள்.

"இங்க?"

"கர்நாடகா சார்."

"இங்க?"

"கர்நாடகாதான் சார்."

கங்கப்பனுக்குப் பொறுக்கவில்லை. "நான் பொறந்தது இங்க, ரேசன் கார்டு இங்க, ஓட்டுப் போடறது இங்க. வீட்ல கன்னடம் பேசறேன், சந்தையில தெலுங்கு பேசறேன். எனக்கே நான் எந்த ஸ்டேட்டுன்னு சந்தேகம் வந்துடுச்சு சார்," என்றார். கடைசியில் முன்வாசலில், காவலாளி குடிசையைத் தாண்டி இரண்டடி தள்ளி, தமிழ்நாடு கிடைத்தது. பதிவாளர் அந்த இடத்தில் சுண்ணாம்புப் பொடியால் ஒரு வட்டம் போட்டார். அகலம் நான்கடி இருக்கும்.

எட்சன் சாரைக் கலையரங்கத்துக்கு இழுத்து வந்தேன். மேடம், சார், ஜெபமணி அம்மா மூவரையும் நிற்க வைத்துப் படம் எடுத்தார். நாங்கள் எல்லோரும் செல்போனுக்கு மேலே குனிந்தோம்.

அத்திப்பள்ளி, கர்நாடகா. 4.12 பி.ப.

பதிவாளர் அறிக்கையைத் தொடக்கூட இல்லை. "சார், பாராட்டுக்காவது பரவாயில்ல. இது டிகிரி மேட்டருங்க. கர்நாடகாவுல நடந்த வைவாவுக்கு நாம எப்படிங்க பட்டம் குடுக்கறது? நம்ம எல்லைக்குள்ள நடந்தாதான் செல்லும். நாளைக்கே ஒருத்தன் கேஸு போட்டா?"

"நீங்களுந்தான் காலைல அங்க உக்காந்திருந்தீங்க. அப்ப நீங்க எந்த ஊருல இருந்தீங்க?" என்றார் ஜெபமணி அம்மா.

"அதத்தாங்க மேடம் நானும் காலையில இருந்து கேட்டுனு இருக்கறேன்."

சார் அறிக்கையைக் கையில் எடுத்துக்கொண்டார். "வட்டம் போட்ட எடத்துல மறுபடி நடத்தறோம். ரெண்டு கேள்வி. ஒரு படம். பத்து நிமிசம்."

"தாராளமா சார். துணைவேந்தர் எந்திரிச்சிட்டாரு. எட்டு மணிக்கு அவருக்குப் பெங்களூர்ல ஃப்ளைட்டு. பாராட்ட முடிச்சிட்டு அனுப்பி வச்சிட்டா அப்புறம் வட்டம் உங்களுதுதான். அஞ்சு நிமிசம்."

நாலு இருபத்தைந்துக்கு மூன்றாவது பாராட்டு விழா நெடுஞ்சாலை ஓரத்தில் தொடங்கியது. சுண்ணாம்பு வட்டத்துக்குள் துணைவேந்தரும் சாரும் மட்டும்தான் நிற்க முடிந்தது. மற்றவர்கள் கர்நாடகத்தில் நின்றோம். கன்டெய்னர் லாரிகளின் இரைச்சலுக்கு மேல் கேட்க வேண்டும் என்று ஒலிபெருக்கி வைத்திருந்தார்கள். சாரின் தோளில் சால்வை, கையில் வைவா அறிக்கை. அதையும் ஏதோ நினைவுப் பரிசு என்று நினைத்துத் துணைவேந்தர் இரண்டு முறை வாங்கிப் படத்துக்குக் காட்டிவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

எட்சன் சார் முதல் நிமிடத்திலேயே கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார்: ஓசூர், தமிழ்நாடு. படம் கிடைத்துவிட்டது. ஆனால் துணைவேந்தருக்கு அன்றைக்கு முதன்முதலாக உண்மையான எழுச்சி வந்திருந்தது.

"இவருடைய ஆய்வுகளை நான் படித்ததில்லை. ஆனால் பயன்படுத்தியிருக்கிறேன்! பதினோரு மாத ஒப்பந்தம் பற்றி இவர் பல வருடம் முன்பே ஓர் அறிக்கை எழுதினார். கம்பெனிகள் எப்படி ஆட்களை நிரந்தரமாக்காமல் சமாளிக்கின்றன என்று படிப்படியாக விளக்கியிருந்தார். அந்த அறிக்கையைப் பார்த்துத்தான் நம் பல்கலைக்கழகத்திலும் பதினோரு மாதத்தைக் கொண்டுவந்தோம். ஆராய்ச்சி என்றால் இப்படி நடைமுறைக்குப் பயன்பட வேண்டும்!"

சார் வட்டத்துக்குள் நின்றபடி ஃபெபா மேடத்தைப் பார்த்தார். மேடம் தரையைப் பார்த்தார். நாலு நாற்பது.

"மாணவர்கள் என்றால் இவருக்கு உயிர். ஒரு மாணவரின் எதிர்காலத்துக்காக எந்த நேரமும் ஓடி வருவார்..."

சார் மெதுவாக, "சார், ஒரு நிமிசம்," என்றார். துணைவேந்தர் அவர் தோளை அன்போடு அழுத்திப் பிடித்து நிறுத்தினார். "பாருங்கள், பாராட்டினால் கூச்சப்படுகிறார்! அதுதான் அடக்கம்." நாலு ஐம்பத்தொன்று. ஜெபமணி அம்மா வட்டத்துக்குள் ஒரு காலை எடுத்து வைத்தார். புகைப்படத்தில் மறைக்கிறது என்று பதிவாளர் அவரைக் கர்நாடகத்துக்குத் திருப்பி அனுப்பினார்.

"இப்படிப்பட்டவருக்காக இந்தப் பல்கலைக்கழகம் எதை வேண்டுமானாலும் செய்யும். இவருடைய இடத்தை நிரப்ப யாராலும் முடியாது!"

கைதட்டினார்கள். பதிவாளர் எழுதினார். வட்டம் காலியானது. ஜெபமணி அம்மா ஒரே தாவலாகத் தாவி உள்ளே வந்தார். மேடத்தைச் சார் கையைப் பிடித்து இழுத்தார். முப்பத்து மூன்று வருடத்தில் அவர் ஒருவரையும் கையைப் பிடித்து இழுத்ததில்லை.

"ஆய்வோட தலைப்பு என்ன?" என்று ஜெபமணி அம்மா லாரிச் சத்தத்தில் கத்தினார். மேடம் கத்திச் சொன்னார். "முடிவு என்ன?" மேடம் கத்திச் சொன்னார். "திருப்தி! எடுய்யா படத்த!"

எட்சன் சார் எடுத்தார். ஓசூர், தமிழ்நாடு. 5.02 பி.ப.

ஆக, எங்களிடம் இரண்டு படங்கள் இருந்தன. ஒன்றில் நேரம் சரி, மாநிலம் தப்பு. மற்றதில் மாநிலம் சரி, நேரம் தப்பு. இரண்டிலும் ஆட்கள் சரியாக இருந்தார்கள். அதற்கு இணையதளத்தில் கட்டம் இல்லை.

சார் துணைவேந்தரின் கார்க் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். "ரெண்டே நிமிசம் சார். உங்க அதிகாரத்துல விதிவிலக்குக் குடுக்கலாம்."

துணைவேந்தர் சாரின் கையைப் பற்றிக்கொண்டார். "யேசுராஜ், இன்று உங்களை மூன்று முறை கௌரவித்திருக்கிறேன். உங்களுக்காக ஒரு விதியை மீறினால் அந்தக் கௌரவம் என்ன ஆகும்? அதை நான் கெடுக்க மாட்டேன்." கார் புறப்பட்டு உடனே கர்நாடகத்துக்குள் போய்விட்டது.

கங்கப்பன் வந்து நின்றார்.  "சார், சால்வை," என்றார். சார் கழற்றி, அவரே நான்காக மடித்துக் கொடுத்தார்.

ஜூன் பன்னிரண்டாம் தேதி ஓர் ஆணை வந்தது. 'பேராசிரியர் யேசுராஜின் இடத்தை நிரப்ப யாராலும் முடியாது எனத் துணைவேந்தர் மூன்று முறை தெரிவித்துள்ளதைப் பரிசீலித்து, அப்பணியிடம் நிரப்பப்படமாட்டாது என்றும், ஆசிரியர் எவரும் இல்லாத காரணத்தால் சமூகவியல் துறை மூடப்படுகிறது என்றும் இதனால் அறிவிக்கப்படுகிறது.' அதே மாதம் வந்த தர மதிப்பீட்டுக் குழு, மூத்த ஆசிரியர்களை மதித்தல் என்ற கட்டத்தில் பல்கலைக்கழகத்துக்கு முழு மதிப்பெண் கொடுத்தது. குளிர்சாதனம் மாட்டிய கருத்தரங்க அறை இப்போது தர உறுதிப் பிரிவு.

ஃபெபா மேடத்தின் ஆய்வேட்டை வேறு பல்கலைக்கழகத்துக்கு மாற்ற விண்ணப்பித்திருக்கிறார்கள். இரண்டு வருடம் ஆகலாமாம். மேடம் மூக்கண்டப்பள்ளியில் ஒரு கம்பெனியில் பாகங்களைச் சரிபார்க்கும் பிரிவில் சேர்ந்திருக்கிறார். பதினோரு மாதம்.

யேசுராஜ் சார் ஞாயிற்றுக்கிழமை வேலையை விடவில்லை. ஆகஸ்டில் ஒரு நாள் நானும் போனேன். வரிசையாகக் கதவைத் தட்டிக்கொண்டே வந்தவர், ஏழாவது வீட்டையும் தட்டினார். திறந்தது ஃபெபா மேடம்.

"இது உங்க வீடு சார். தட்டிட்டு வரணுமா?"

"வரிசையில வருதேம்மா. விட்டுட்டுப் போனா சாம்பிள் கெட்டுடும்."

மேடம் நாற்காலி போட்டார். சார் உட்கார்ந்து, படிவத்தை அட்டையில் வைத்து, மற்றவர்களிடம் கேட்பது போலவே ஒவ்வொன்றாகக் கேட்டார். பெயர். ஊர். வயது. கடைசியாகப் பார்த்த வேலை: கௌரவ விரிவுரையாளர். எவ்வளவு காலம்: பதினோரு மாதம், ஏழு முறை. ஒன்பதாவது கேள்விக்கு வந்ததும் பேனாவை உதறினார். மை சரியாகத்தான் வந்துகொண்டிருந்தது.

"விலகிய காரணம்?"

மேடம் சாரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எழுதுங்க சார். உங்களுக்குப் பாராட்டு விழா."

சார் சொன்னதைச் சொன்னபடி எழுதிக்கொண்டார்.